படைப்புழு காற்றில் வருகிறதா, பக்கத்து வயலிலிருந்தா?

உடுமலைக்காரன்:
ஆடிக்காற்று வீசும் நாட்களில் மக்காச்சோளக் குருத்தில் படைப்புழு ஏறிவிடுகிறது. இந்தப் புழு வளர்ந்து மாறும் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர்கூடப் பறக்கும். இது புதிதாகப் பரவிய வரிசையைப் பாருங்கள்: 2016இல் மேற்கு ஆப்பிரிக்கா, 2018இல் கர்நாடகம், 2019இல் சீனா, 2020இல் ஆஸ்திரேலியா. காற்றின் துணை இல்லாமலா? பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைக் கவனித்தே முன்னெச்சரிக்கை கொடுக்கலாம்.

பெரம்பலூர் மானாவாரி:
அண்ணா, அந்தக் கணக்கு அமெரிக்காவுக்குச் சரி. உறைபனியில் இந்தப் புழு பிழைக்காது. அதனால் தெற்கு ஃபுளோரிடாவிலும் தெற்கு டெக்சாஸிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, ஒவ்வொரு வசந்தத்திலும் தென்காற்றோடு புதிதாக வடக்கே போகிறது, கனடா வரை. நமக்கு உறைபனி ஏது? ஒருவர் ஆடியில் விதைக்கிறார், பக்கத்துக்காரர் புரட்டாசியில். எப்போதும் ஏதோ ஒரு வயலில் பயிர் நிற்கிறது. பூச்சி வரப்பைத் தாண்டினால் போதும், கணவாயைத் தாண்ட வேண்டாம். ஐப்பசியில் காற்றே வடகிழக்குக்குத் திரும்பிவிடுகிறது, அப்போதும் எங்கள் கரிசலில் புழு இருக்கிறதே!

உடுமலைக்காரன்:
பூச்சி இங்கேயே இருக்கிறது, சரி தம்பி. விதைப்பு எல்லா ஆண்டும் இப்படித்தான் முன்பின்னாக நடக்கிறது. அப்படியிருக்க ஒரு வருடம் காடே சல்லடையாகிறது, அடுத்த வருடம் தப்பிக்கிறோம். ஏன்?

பெரம்பலூர் மானாவாரி:
மழைதான். கனமழை பெய்தால் சின்னப்புழு அடித்துப்போகும், குருத்தில் தண்ணீர் நின்றால் மூழ்கிச் சாகும். முளைத்த பயிர் மழையில்லாமல் காய்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். இந்த வெப்பத்தில் முட்டை பூச்சியாக ஒரு மாதம் போதும். பெரிய புழு குருத்துக்குள் போய்த் தன் எச்சத்தாலேயே மூடிக்கொண்டால் மருந்தும் எட்டாது. கடைக்காரருக்குத்தான் லாபம்.

வேளாண் மாணவி:
இரண்டு பேரும் இனக்கவர்ச்சிப் பொறியை, அதாவது பெண் பூச்சியின் வாசனையைக் காட்டிப் பூச்சி பிடிக்கும் பொறியைப் பற்றிப் பேசவே இல்லையே! பல ஊர்ப் பொறிகளில் ஒரே இரவில் எண்ணிக்கை எகிறினால் காற்றைச் சந்தேகிக்கலாம். முதிர்ந்த மக்காச்சோளத்தை ஒட்டிய வயலில் முதலில் கூடினால் பக்கத்து வயல்தான்.

உடுமலைக்காரன்:
பொறியில் விழுவது ஆண் பூச்சி மட்டும்தானே அம்மா? முட்டையிடுவது பெண்.

வேளாண் மாணவி:
ஆமாம் ஐயா. அதனால் பொறியில் பூச்சி கூடியதும் இலைகளைப் புரட்டிப் பாருங்கள். பஞ்சு போன்ற ரோமம் மூடிய முட்டைக் குவியல் இருந்தால் அப்போதே நசுக்கிவிடலாம். ஒரு குவியலிலேயே நூறு, இருநூறு முட்டை இருக்கும்.

பெரம்பலூர் மானாவாரி:
நசுக்கலாம். ஐந்து ஏக்கரில் இலை புரட்ட ஆள் கிடைத்தால்.