ஜிஎல்ஸ்லைடுஷோவில் என் படங்கள் வரவில்லை

கேள்வி:
வணக்கம். டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில், கணினி சும்மா இருக்கும்போது திரையில் அசையும் காட்சிகளைக் காட்டும் எக்ஸ்ஸ்கிரீன்சேவரை நிறுவினேன். அதில் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டும் காட்சிதான் ஜிஎல்ஸ்லைடுஷோ. முனையத்தில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) அந்தப் பெயரைத் தட்டினால், அப்படியொரு கட்டளையே இல்லை என்கிறது. முழுப் பாதையைக் கொடுத்து ஓட்டியபோது வெறும் வண்ணப் பட்டைகள்தாம் நகர்கின்றன. என்ன செய்யலாம்?

பதில் 1:
எக்ஸ்ஸ்கிரீன்சேவரின் காட்சி நிரல்கள் தனிக் கோப்புறையில் இருப்பதாலும், முனையம் கட்டளைகளைத் தேடும் வழக்கமான பாதையில் அது சேராததாலும் பெயரை மட்டும் சொன்னால் கிடைக்காது. எக்ஸ்ஸ்கிரீன்சேவர் அமைப்புகளில், கோப்புறையிலிருந்து படம் எடுக்கும் தெரிவைக் குறியிட்டு, உங்கள் படக் கோப்புறையைக் காட்டுங்கள்.

இயல்பாக ஒரு படம் 30 விநாடி இருக்கும். அதற்குள் 6 விநாடிக்கு ஒருமுறை நகரும் திசை மாறும், மாற்றம் 2 விநாடியில் கரைந்து நிகழும். டியூரேஷன், பேன், ஃபேட் ஆகிய மூன்று தெரிவுகளும் இவற்றுக்கே. ஜூம் என்ற தெரிவு இயல்பாக 75. அதற்கு, எந்நேரமும் படத்தில் குறைந்தது 75 சதவீதம் தெரியும் என்று பொருள். குழுப் படங்களில் ஓரத்தில் நிற்பவர்களின் தலை வெட்டுப்பட்டால் 95 கொடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் மாமாவின் முகம் அப்படித்தான் மீண்டது.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். கோப்புறையிலுள்ள படங்களின் பட்டியலை எக்ஸ்ஸ்கிரீன்சேவர் சில மணி நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால், புதிதாகப் போட்ட படம் உடனே வராது. இது தெரியாமல் ஒரே படத்தை நான் நான்கு முறை நகலெடுத்திருக்கிறேன்.

கேட்டவர்:
கோப்புறையைக் காட்டியதும் படங்கள் வந்துவிட்டன. ஜூமை 90 ஆக வைத்திருக்கிறேன். இருவருக்கும் நன்றி.