பனாமா கால்வாய்: சின்னக் கப்பலா, பெரிய கப்பலா? போய் வந்தவர்கள் எழுதுங்கள்

பயணப்பை:
ஜனவரியில் போனோம். ஒரு விஷயம் இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு கப்பல் பார்த்து வைத்திருந்தோம். ஒன்று புதுசு, பெருசு. நீர்ச்சறுக்கு, நாடக அரங்கு எல்லாம் உண்டு. புது லாக் (கதவு மூடித் தண்ணீரை நிரப்பியோ வடித்தோ கப்பலை ஏற்றி இறக்கும் அறை) வழியாக கால்வாயின் நடுவில் உள்ள கட்டூன் ஏரி வரை ஏறி, அதே வழியில் திரும்பிவிடும். இன்னொன்று வயசான கப்பல். ஃபோர்ட் லாடர்டேலில் ஏறினால் பழைய லாக் வழியாகக் கால்வாயை முழுக்கக் கடந்து சான் டியாகோவில் இறக்கிவிடும். அப்பாவுக்காக இரண்டாவதை எடுத்தோம். தஞ்சாவூர்ப் பக்கம் பி.டபிள்யூ.டி. இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1914-இல் திறந்த லாக் இன்றைக்கும் வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

கட்டூனில் மூன்று படி ஏறுவது, குலேப்ரா வெட்டு (மலையை வெட்டி வழி போட்ட பகுதி), பாலங்கள் இதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது மதியம், பசிபிக் பக்கம் மிராஃப்ளோரெஸ் லாக்கில் இறங்கும்போது நடந்தது. பார்வையாளர் மாடத்தில் இருந்த கூட்டம் கை ஆட்டுகிறது, ஒலிபெருக்கியில் எங்கள் கப்பல் பேரைச் சொல்கிறார்கள். பக்கத்தில் மியூல் எஞ்சின் (லாக் சுவர் மேல் தண்டவாளத்தில் ஓடி, கப்பலை வடத்தால் பிடித்துக்கொள்ளும் வண்டி) ஓட்டுகிறவர் எங்கள் கண்மட்டத்தில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறக்கிறார். அப்பா இது எதையும் பார்க்கவில்லை. சுவரில் ஈரக்கோடு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, அன்றைய நிகழ்ச்சித்தாளின் பின்பக்கம் பேனாவால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது பூரா நல்ல தண்ணிதானே?"

"ஆமாப்பா, ஏரித் தண்ணி."

"கடலுக்கா போகுது?"

ராத்திரி சாப்பாட்டில் கை வைக்கவில்லை. ஒரு கப்பல் கடக்க இருபது கோடி லிட்டர். கடைமடைக்கு ஒரு முறைத் தண்ணீர் அனுப்ப ராத்திரி முழுக்க ஷட்டர் பக்கத்தில் காவல் நின்ற ஆள் அவர். புது லாக்கில் பக்கத்தில் தொட்டி கட்டித் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள் என்று கப்பலில் நடந்த சொற்பொழிவில் கேட்டுவிட்டு, "அந்தக் கப்பல்லயே போயிருக்கலாம்" என்றார். இப்போது சித்தப்பாவும் சித்தியும் கிளம்புகிறார்கள். எதை எடுக்கச் சொல்வது?

டல்லாஸ்காரன்:
நீர்ச்சறுக்கைக் குத்திக்காட்டியது என் பசங்களைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன் :) அந்தச் சறுக்கு இல்லாவிட்டால் என் வீட்டில் யாரும் கப்பல் ஏறியிருக்க மாட்டார்கள்.

நாங்கள் போனது பெரிய கப்பலில், அகுவா கிளாரா லாக் வழியாக. அது 2016-இல் திறந்தது. ஒவ்வொரு அறையும் 427 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். மியூல் கிடையாது. முன்னால் ஒரு டக் (இழுவைப் படகு), பின்னால் ஒரு டக், இரண்டும் கப்பலோடு சேர்ந்து லாக்கின் உள்ளேயே வரும். நான் பின்பக்க மேல்தளத்திலிருந்து நேர் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு தளர்ந்து கிடந்தது, திடீரென்று விறைத்துக்கொண்டு ஒரு உறுமல். டக்கில் நின்ற பையன் சாவகாசமாக இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான். அந்தக் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும் என்று அந்த நகர்விலேயே புரிந்தது. எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம் அந்தக் கதவு. பழைய லாக்கில் போல இரண்டு இலையாக மூடாது. பக்கத்துச் சுவருக்குள்ளிருந்து ஒரே பலகையாக உருண்டு வரும். இத்தாலியில் செய்து கப்பலில் கொண்டு வந்தவை. உங்கள் அப்பாவுக்கு அதுவும் பிடித்திருக்கும். ஒவ்வொரு அறைக்கும் பக்கத்தில் மூன்று தொட்டி, தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்குவது மேலிருந்து தெளிவாகத் தெரியும். 60 சதவீதம் திரும்பப் பயனாகிறதாம்.

அரைப் பயணம் பயணமே இல்லை என்று சிலர் பேசுவதைத்தான் என்னால் தாங்க முடியாது. ஏரியில் இறங்கி, கரைக்குப் போய், சுற்றுலாப் படகில் குலேப்ராவைப் பார்த்துவிட்டு வந்தோம். லீவும் மிச்சம்.

இன்ஜின்ரூம்:
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பதில்.

பயணப்பை தங்கச்சி, அப்பாவிடம் சொல்லுங்கள்: அது மழைத்தண்ணீர். சாக்ரெஸ் ஆற்றை மறித்து அணை கட்டித்தான் ஏரியே வந்தது. அணை இல்லாவிட்டாலும் அந்த ஆறு கடலுக்குத்தான் போயிருக்கும். ஆனால் அவர் கவலை தப்பும் இல்லை. பனாமா நகரத்துக்கும் கோலோனுக்கும் குடிதண்ணீர் இந்த ஏரித் தொகுப்பிலிருந்துதான் போகிறது. 2023-இல் மழை பொய்த்து ஏரி இறங்கியபோது, ஒரு நாளைக்கு இத்தனை கப்பல்தான் என்று குறைத்தார்கள். மிதவை ஆழத்தையும் (கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு அமிழலாம் என்ற அளவு) குறைத்ததால் சரக்கைக் குறைத்து ஏற்ற வேண்டியிருந்தது.

டல்லாஸ் தம்பி, டக்கும் கயிறும் நீங்கள் சொல்வதுபோலத்தான். ஆனால் புது லாக்கில் சுவர் உங்களிடமிருந்து எங்கேயோ இருக்கும். பழைய லாக்கின் அகலம் 33.5 மீட்டர், அதற்கென்று கட்டிய கப்பல் 32.2 மீட்டர். பக்கத்துக்கு இரண்டடி. இடைவெளி அவ்வளவுதான்.

என் கதை சின்னது. பல்க் கேரியரில் (தானியம், நிலக்கரி போன்றவற்றை மூட்டை கட்டாமல் ஏற்றும் சரக்குக் கப்பல்) இன்ஜினியர். இந்தக் கால்வாயை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன், பார்த்ததில்லை. கடக்கும் நேரம் முழுக்க எங்களுக்குக் கீழே கன்ட்ரோல் ரூமில் ஸ்டாண்ட்பை. டெட் ஸ்லோ, ஸ்டாப், டெட் ஸ்லோ, ஸ்டாப் என்று டெலிகிராஃப் (மேலிருந்து வேக உத்தரவு வரும் கருவி) அடித்துக்கொண்டே இருக்கும். வெளியில் வெயிலா மழையா தெரியாது. ஒரு தடவை பெட்ரோ மிகேல் லாக்கில் தேநீர் எடுக்க மேலே வந்தேன். கதவைத் திறந்தால் முகத்துக்கு நேரே கான்கிரீட். எங்கோ இடித்துவிட்டோம் என்று நினைத்து டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற கால்வாய்த் தொழிலாளி சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

இன்னொன்று. மற்ற இடங்களில் பைலட் (கப்பலுக்கு வழிகாட்ட ஏறும் உள்ளூர் மாலுமி) ஆலோசனைதான் சொல்வார். இங்கே கப்பலை நடத்தும் பொறுப்பே பைலட் கைக்குப் போய்விடும். உங்கள் கப்பலில் கேப்டன் விருந்து அன்றைக்கு வைத்தார்கள் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள், அவர் பிரிட்ஜை (கப்பலை ஓட்டும் மேல் அறை) விட்டு நகர மாட்டார்.

கொளத்தூர்க்காரி:
எல்லாரும் "சின்னக் கப்பல் என்றால் பழைய லாக்" என்று அடித்துச் சொல்கிறீர்களே. நாங்களும் அப்படி நம்பித்தான் எடுத்தோம். ஏஜென்ட் சத்தியம் பண்ணாத குறை. முதல் நாள் மாலை அறிவிப்பு வந்தது: நம் கப்பலுக்குப் புது லாக் ஒதுக்கியிருக்கிறார்கள். வழியை முடிவு செய்வது கால்வாய் நிர்வாகம், கப்பல் கம்பெனி இல்லை. மியூல் பார்க்க என்றே பைனாகுலர் வாங்கி வந்திருந்த என் கணவர், தூரத்தில் பழைய லாக்கில் ஒரு கன்டெய்னர் கப்பல் ஏறுவதை அதிலேயே பார்த்துக்கொண்டார். "காசு கொடுத்து அடுத்த வீட்டுக் கல்யாணம் பார்க்கிறோம்" என்றார்.

மஞ்சள் அட்டை:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சித்தப்பா சித்தி என்றதால் சொல்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்கள் என்றால் கப்பலை அப்புறம் பாருங்கள், முதலில் மஞ்சள் காய்ச்சல் ஊசி. பனாமா, கொலம்பியா இரண்டுமே இந்திய அரசின் பட்டியலில் இருக்கின்றன. அங்கே போய் 6 நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைக்கலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லும், அப்புறம் ஆயுசுக்கும் போதும். அறுபது தாண்டியவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ள வேண்டாம், அது உயிருள்ள கிருமித் தடுப்பூசி.

இரண்டாவது, அமெரிக்க விசா மல்டிபிள் என்ட்ரியாக இருக்க வேண்டும். கப்பல் கிளம்பியதும் நாட்டை விட்டுப் போனதாகிவிடும், திரும்ப நுழைய வேண்டுமே.

மூன்றாவது, "ஏன் எல்லாக் கப்பலும் கார்த்தஹேனா, அருபா என்றே நிற்கிறது" என்று சித்தி கேட்பார். 1886-இல் போட்ட அமெரிக்கச் சட்டம் காரணம். வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி இன்னொன்றில் இறக்கினால், நடுவில் தொலைதூர அந்நியத் துறைமுகம் ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும். மெக்சிகோ அந்தக் கணக்கில் சேராது; கார்த்தஹேனா (கொலம்பியா) இருக்கும் தென் அமெரிக்காவும் அருபா தீவும் சேரும்.

நான்காவது, அறை. பால்கனிக்குக் கொட்டிக் கொடுக்காதீர்கள். கால்வாய் நாளில் பல கப்பல்களில் முன்தளத்தைத் திறந்து விடுவார்கள், எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். பால்கனிதான் வேண்டும் என்றால், ஃபுளோரிடாவிலிருந்து கலிஃபோர்னியா போகும்போது வலதுபக்கம் எடுங்கள், மெக்சிகோ கரை அந்தப் பக்கம் வரும். மாதம் ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள், மழை குறைவு.

கப்பல்? 2002, 2003-இல் வந்த கோரல் பிரின்சஸ், ஐலண்ட் பிரின்சஸ் இரண்டும் பழைய லாக்கின் அகலத்தை மனசில் வைத்துக் கட்டியவை. அந்த அளவில் எது கிடைத்தாலும் சரி. ஆனால் கொளத்தூர் சொன்னதை மறக்க வேண்டாம்.

என் அனுபவமா? கட்டூனில் விடிகாலை. இத்தனை பெரிய கப்பல், இத்தனை இரும்பு. அதற்குக் கயிறு கொண்டு வந்தது இரண்டு பேர் துடுப்புப் போட்டு வந்த ஒரு சின்னப் படகு. கப்பலின் மூக்குக்குக் கீழே அவர்கள் வந்து நின்றதைப் பார்த்து என் கை நடுங்கிப்போய் படம்கூட எடுக்கவில்லை.

டல்லாஸ்காரன்:
துடுப்புப் படகா, இந்தக் காலத்திலா? நம்ப முடியவில்லையே.

இன்ஜின்ரூம்:
நிஜம்தான். மெல்லிய கயிற்றைப் படகில் கொண்டு வருவார்கள், அதில் கட்டித்தான் மியூலின் இரும்பு வடத்தை மேலே இழுப்பது. வேறு வழியெல்லாம் பார்த்துவிட்டு இதற்கே திரும்பினார்கள் என்று ஒரு பைலட் சொன்னார். படகோட்டிகளுக்குத் துறைமுகத்தில் நல்ல மரியாதை.

மஞ்சள் அட்டை அம்மா, சட்டம் எல்லாம் சரி. பால்கனி வேண்டாம் என்று அறுபது வயசுக்காரர்களிடம் சொல்லாதீர்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த வெக்கையில் முன்தளத்தில் யார் நிற்பது? உட்கார ஒரு நாற்காலி, உள்ளே ஏசி, அதுதான் முக்கியம்.

கொளத்தூர்க்காரி:
ஊரில் இருப்பவர்கள் கப்பலைப் பார்க்க வேண்டும் என்றால் கால்வாய் நிர்வாகத்தின் தளத்திலேயே வெப்கேம் ஓடுகிறது. பனாமா நேரத்தோடு பத்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். மிராஃப்ளோரெஸுக்கு மதியம் மூன்று மணி என்றால் நம் ஊரில் ராத்திரி ஒன்றரை. என் நாத்தனார் அலாரம் வைத்து எழுந்து உட்கார்ந்திருந்தாள், நாங்கள்தான் வேறு லாக்கில் போய்விட்டோம்.