கலைச்சொல்: ஊசிஸ்ட் – முட்டையா, கூடா, சிமிழா?

வணக்கம். காட்டுப்பறவைகளின் குடல் ஒட்டுண்ணிகளில் மரபியல் பன்மை பற்றி எழுதும்போது ஊசிஸ்டை (oocyst, சில ஒருசெல் ஒட்டுண்ணிகள் எச்சத்தோடு வெளியேறும் நிலை) 'முட்டை' என்றே எழுதிவருகிறோம். ஒரே சிட்டுக்குருவி எச்சத்தில் உருளைப்புழு முட்டையும் ஐசோஸ்போரா என்ற ஒருசெல் ஒட்டுண்ணியின் ஊசிஸ்டும் சேர்ந்து மிதக்கலாம்; 'முட்டை எண்ணிக்கை' என்றால் எதனுடையது? முட்டைக்குள் வளர்வது ஒரு புழு. ஊசிஸ்டோ, தடித்த சுவர் போட்டுக்கொண்ட கருவணு (ஆண், பெண் அணுக்கள் இணைந்த செல்). வெளியே வந்து ஆக்சிஜன் பட்டபின் உள்ளே பிரிகிறது. ஐசோஸ்போராவில் 2 ஸ்போரோசிஸ்ட் (உள் உறை), அவற்றில் தலா 4 ஸ்போரோசோயிட் (தொற்றும் செல்). அதன் உறவான ஐமீரியாவில் 4, தலா 2. 'கருக்கூடு' எனலாமா?

மறுமொழி:
பொருள் சரி ஐயா, ஆனால் பறவையியலில் 'கூடு' ஏற்கெனவே குடியிருக்கிறது. 'கூட்டில் எடுத்த எச்சத்தில் 200 கூடுகள்' என்றால் படிப்பவர் திணறுவார். சிமிழ் பொருந்தும்: ஊசிஸ்ட் கருச்சிமிழ், அதற்குள் ஸ்போரோசிஸ்ட் வித்துச்சிமிழ். குங்குமச் சிமிழுக்கு மூடி உண்டல்லவா? பறவை ஐசோஸ்போராவின் ஸ்போரோசிஸ்டுக்கும் ஒரு முனையில் ஸ்டீடா என்ற அடைப்பு உண்டு. குடலில் டிரிப்சினும் பித்தமும் பட்டால் அது கரைந்து வழிவிடும்.

மறுமொழி:
கருச்சிமிழுக்கு என் ஒப்புதல். 'வித்து' வேண்டாம்; இலங்கைப் பாடநூல்களில் அது விதை, ஸ்போர்தான் 'வித்தி'. ஆகவே ஸ்போரோசிஸ்ட் வித்திச்சிமிழ், ஊசிஸ்ட் உள்ளே பிரிந்து முதிர்வது வித்தியாதல். செய்முறையில் வைத்துப் பார்ப்போம்:

'எச்சத்தை 2.5% பொட்டாசியம் டைகுரோமேட்டில் கலக்கி, மெல்லிய படலமாகப் பரப்பி, அறை வெப்பத்தில் விடுக. ஆழமான குப்பியில் இறுக மூடினால் ஆக்சிஜன் எட்டாது, கருச்சிமிழ் வித்தியாகாது. டிஎன்ஏ எடுக்குமுன் டைகுரோமேட்டை நன்கு கழுவுக. மிஞ்சினால் பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) தடைபடும். சுவரைக் கண்ணாடி மணிகளால் குலுக்கி உடைக்க.'

தடங்கலின்றிப் படிக்க வருகிறது. (பாடும் பறவைகளின் ஐசோஸ்போரா பெரும்பாலும் பிற்பகலில்தான் வெளியேறும். காலை எச்சத்தை மட்டும் பார்த்துத் தொற்றில்லை என எழுதுவது சொற்பிழையைவிட மோசம்.)

மறுமொழி:
வித்தி ஏற்பு. இந்தச் சொற்பிரிவு மரபியலுக்கே தேவை. எச்சத்தின் கருச்சிமிழ்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சிஓஐ (COI) என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுவை வரிசைப்படுத்தினால் இரட்டை முகடுகள், அதாவது ஒரே இடத்தில் இரு எழுத்துகளின் குறி, வரலாம். பெரும்பாலும் அது கலப்புத் தொற்று. நுண்குழாயால் ஒரே கருச்சிமிழைப் பிரித்தால் இது தீரும். உட்கரு மரபணுவில் அப்போதும் தீராமல் போகலாம்: கருவணு இருமடியம் (இரு தொகுதி குரோமோசோம் கொண்டது), பெற்றோர் இருவர் வேறுபட்டிருக்கலாம். அதை ஒரு தொகுதியாக்கும் குன்றல் பிரிவு வித்தியாகும்போதுதான் நடக்கிறது. ஒருமடிய வரிசை உறுதியாக வேண்டுமானால் ஒற்றை ஸ்போரோசோயிட்தான் வேண்டும். அதற்கு 'வித்தியுயிரி' நாக்கில் இடறுகிறது. வேறு சொல் இருந்தால் இடுங்கள்.