வல்லினத்துக்குப் பின் வரும் மூச்சு: செட்டிநாட்டு உறுப்பினர்கள் சிலரின் அனுபவங்கள்

பிற மொழியினரோடு பேசும்போது க, த, ப போன்ற வல்லின ஒலிகளால் விளைந்த அனுபவம் ஏதேனும் உண்டா என்று கேட்டிருந்தோம். வந்தவற்றுள் சில கீழே உள்ளன.

கானாடுகாத்தானிலிருந்து

எங்கள் பூர்வீக வீட்டின் ஒரு பகுதியைச் சுற்றுலாப் பயணிகள் தங்குவதற்கு விட்டிருக்கிறோம். வருபவர்களுக்கு முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீட்டைச் சுற்றிக் காட்டுவது என் தம்பியின் பொறுப்பு. அவன் ஆங்கிலத்தில் சரளமாகவே பேசுவான். சுவரில் எங்கள் ஐயாவின் பெரிய புகைப்படம் ஒன்று மாட்டியிருக்கிறது. கழுத்துவரை பொத்தானிட்ட கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக நிற்பார். அந்தக் கோட்டை ஐயா ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார் என்று தம்பி ஓர் ஆங்கிலேய அம்மையாரிடம் சொன்னபோது, அவர் புருவத்தை உயர்த்தி, அந்தக் காலத்தில் பயணிகள் கப்பலில் ஆட்டையெல்லாம் ஏற்ற விட்டார்களா என்று கேட்டார். தம்பி மறுபடியும் அதே சொல்லை, இம்முறை உரக்கச் சொன்னான். அம்மையாருக்கு மறுபடியும் ஆடுதான் கேட்டது. கடைசியில் படத்தைத் தொட்டுக் காட்டிய பிறகே விஷயம் தெளிவாயிற்று.

இதில் எனக்கு வியப்பாக இருந்தது என்னவென்றால், பிரான்சிலிருந்து வந்த தம்பதியரிடம் தம்பி இதே வாக்கியத்தை இதே உச்சரிப்பில் சொன்னபோது அவர்களுக்கு எந்தக் குழப்பமும் ஏற்படவில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு ஆடாகக் கேட்பது, ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்ட பிரெஞ்சுக்காரருக்குக் கோட்டாகவே கேட்பது எப்படி? தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

காரைக்குடியிலிருந்து, மொழியியல் கற்பிக்கும் ஓர் உறுப்பினர்

தங்கள் தம்பியின் உச்சரிப்பில் குற்றம் ஏதும் இல்லை. உரக்கச் சொன்னதால் பயன் விளையாததற்கும் காரணம் உண்டு. சிக்கல் ஒலியின் அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

வல்லின ஒலி ஒன்றைச் சொல்லும்போது நாவோ இதழோ காற்றின் வழியை முழுதும் அடைத்துப் பின் திறக்கிறது. அப்படித் திறந்த நொடிக்கும் குரல் நாண்கள் அதிரத் தொடங்கும் நொடிக்கும் இடையே எவ்வளவு நேரம் செல்கிறது என்பதைக் கொண்டுதான் பல மொழிகள் தம் வல்லின ஒலிகளைப் பிரித்தறிகின்றன. லீ லிஸ்கர், ஆர்தர் ஆப்ராம்சன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1964-இல் வெளியிட்ட கட்டுரையில் 11 மொழிகளில் இந்த இடைவெளியை அளந்து காட்டினார்கள். அவற்றுள் தமிழும் ஒன்று என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் ஒலிப்பிலாக் ககரத்துக்கு, அதாவது குரல் நாண்களின் அதிர்வின்றி ஒலிக்கும் ககரத்துக்கு, இடைவெளி ஏறத்தாழ 80 மில்லி விநாடி. அந்த நேரம் முழுதும் வெறும் மூச்சு வெளியேறுகிறது. ஆடு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலொலிக்கோ 20 மில்லி விநாடியை ஒட்டித்தான் வரும். தமிழில் சொல் முதலில் வரும் ககரம் 25-ஐ ஒட்டி நிற்கிறது. ஆக, தம்பி சொன்ன கோட்டு அந்த அம்மையாரின் செவியளவையில் ஆட்டின் பக்கம்தான் விழும். பிரெஞ்சு மொழியின் ஒலிப்பிலா வல்லினம் நம்முடையதைப் போலவே மூச்சில்லாதது. ஆகவே அந்தத் தம்பதியருக்கு அது பழகிய ஒலி.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மெல்லிய காகிதக் கீற்று ஒன்றை இதழுக்கு முன் இரண்டு விரற்கடை தள்ளித் தொங்கவிட்டு, 'பல்' என்று சொல்லிப் பாருங்கள். காகிதம் அசைந்தும் அசையாமலும் இருக்கும். அந்த அம்மையார் குண்டூசிக்கான ஆங்கிலச் சொல்லைச் சொன்னால் கீற்று படபடவென்று முன்னே எழும்பும். அதே சொல்லின் தலையில் ஒரு ஸகரத்தைச் சேர்த்து 'ஸ்பின்' என்று அவரையே சொல்லச் சொன்னால் கீற்று அடங்கிவிடும், ஏனெனில் ஸகரத்தை அடுத்து வரும்போது ஆங்கிலப் பகரமும் மூச்சை விட்டுவிடுகிறது. தம் வாயில் இரண்டு பகரங்கள் இருப்பதை ஆங்கிலேயர்களில் பெரும்பாலோர் அறிவதில்லை. தந்தை என்ற சொல்லில் முதல் தகரமும் இரண்டாம் தகரமும் வெவ்வேறு ஒலிகள் என்பதை நாம் மட்டும் அன்றாடம் நினைத்துக்கொண்டா பேசுகிறோம்?

கண்ணால் காண விரும்புவோர், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் பூர்ஸ்மா, டேவிட் வீனிங்க் ஆகியோர் உருவாக்கிய 'பிராட்' என்னும் இலவச மென்பொருளில் தம் குரலைப் பதிந்து, வெடிப்புக்கும் அதிர்வுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தைத் தாமே அளந்துகொள்ளலாம்.

தேவகோட்டையிலிருந்து

என் ஆயா (பாட்டி) பிறந்து வளர்ந்தது பர்மாவின் மோல்மேனில். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் பர்மியச் சொற்களைக் கற்றுக்கொடுக்கும்போது உள்ளங்கையை எங்கள் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்வார். பர்மிய மொழியில் பயறுக்கும், சீட்டுக்கட்டுக்கும், வாத்துக்கும் உரிய சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றுமே 'பே' என்ற ஒரே எழுத்தில் அடங்கிவிடும். மூச்சின்றிச் சொன்னால் பயறு; மூச்சோடு சொன்னால் சீட்டு; தம்பி என்பதில் வரும் பகரத்தைப் போல ஒலிப்போடு சொன்னால் வாத்து. மூச்சு அவர் கையில் பட்டால் தலையசைப்பார், படாவிட்டால், "பயறு கேட்கிறாயா, ஆடக் கேட்கிறாயா?" என்பார். மொழியியல் எதுவும் படிக்காதவர் இதை எப்படிக் கண்டுகொண்டார் என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை; மேலே உள்ள விளக்கத்தைப் படித்த பிறகுதான், காரைக்குடி உறுப்பினரின் காகிதக் கீற்றும் ஆயாவின் உள்ளங்கையும் ஒரே கருவி என்று தெரிந்தது.

பினாங்கில் இருந்த என் சித்தப்பாவுக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லை. மலாய் மொழியின் ஒலிப்பிலா வல்லினங்கள் நம்முடையவற்றைப் போல மூச்சற்றவை. அவருக்கு அங்கே கடினமாக இருந்தது சொல்லின் இறுதியில் வரும் ககரம்தான், ஏனெனில் அதை நாவால் அடைக்காமல் தொண்டையிலேயே வெட்டி நிறுத்த வேண்டும்.

பள்ளத்தூரிலிருந்து

சுருக்கமாக ஒன்று. எங்கள் சமையற்கட்டில் பீகாரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் வேலை செய்கிறார். தலைமைச் சமையற்காரர் ஆச்சி, தாம் கற்ற இந்தியில், "கானா தயாரா?" என்று கேட்பார். இந்தியில் உணவைக் குறிக்கும் சொல்லின் ககரம் மூச்சோடு ஒலிக்க வேண்டும். மூச்சில்லாவிட்டால் ஒற்றைக்கண்ணன் என்றும், ஒலிப்போடு சொன்னால் பாட்டு என்றும் பொருள்படும். எழுத்தில் நமக்கு மூன்றும் கானாதான். அந்தப் பையன் அடுப்பைப் பார்த்துப் பொருளைப் பிடித்துக்கொள்கிறான், ஆகவே பரிமாறுவது ஒருநாளும் தாமதப்பட்டதில்லை.

புதுவயலைச் சேர்ந்தவர், தற்போது சென்னையில்

நான் பணிபுரியும் இடத்தில் கொரியர்கள் பலர் இருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் இல்லாத ஒரு நெருக்கம் கொரிய மொழிக்கும் நமக்கும் இந்த விஷயத்தில் இருக்கிறது. முட்டாளைக் குறிக்கும் அவர்களுடைய சொல்லை 'பாபோ' என்று ஒரே எழுத்தை இரண்டு முறை இட்டு எழுதுவார்கள். முதற்பகரம் ஒலிப்பின்றியும், உயிர்களுக்கு நடுவே வரும் இரண்டாம் பகரம் ஒலிப்போடும் வரும். இதற்குத் தனி எழுத்துத் தேவை என்று அவர்களும் நினைப்பதில்லை, நாமும் நினைப்பதில்லை.

ஆனால் அதோடு நெருக்கம் முடிந்துவிடுகிறது. சொல்லின் முதலில் அவர்களுக்கு மூன்று பகரங்கள் உண்டு, மூன்றுமே ஒலிப்பில்லாதவை. தளர்ந்த பகரத்தில் தொடங்கினால் தீ, மூச்சோடு தொடங்கினால் புல், தொண்டையை இறுக்கித் தொடங்கினால் கொம்பு. இறுக்கிய ஒலி எனக்கு எளிதில் வந்தது, 'அப்பா' என்பதன் நடுப்பகுதியை மட்டும் எடுத்துச் சொல்லின் முதலில் வைப்பது போலச் சொன்னால் ஓரளவு சரியாக இருக்கிறது என்று உடன் பணிபுரிபவர்கள் ஒப்புக்கொண்டார்கள். தீயையும் புல்லையும் பிரிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மூச்சைக் கொண்டு கண்டுபிடிக்க முயன்றேன். வயதில் மூத்த மேலாளரிடம் அது பலித்தது, சியோலைச் சேர்ந்த இளைஞர்களிடம் பலிக்கவில்லை. காரைக்குடி உறுப்பினரிடம் தனியே கேட்டபோது, சியோலின் இளந்தலைமுறையினர் பேச்சில் அவ்விரு ஒலிகளின் மூச்சு நேரமும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டதென்றும், பின்வரும் உயிரின் சுருதி தாழ்ந்திருந்தால் தீ, உயர்ந்திருந்தால் புல் என்று அவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள் என்றும் சொன்னார். இப்போது நான் மூச்சை விட்டுவிட்டுச் சுருதியைக் கவனிக்கிறேன். இளைஞர்களிடம் பெரும்பாலும் சரியாக வருகிறது, மேலாளரிடம் மட்டும் இரண்டையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியிருக்கிறது.