பொருள்: லூபஸ் – தமிழில் என்ன? (நாளை அச்சுக்குப் போகிறது)

அன்பர்களே, வணக்கம். லூபஸ் நோய் பற்றித் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கான துண்டறிக்கை நாளை காலை அச்சகத்துக்குப் போகிறது. தலைப்பு மட்டும் காலி. லூபஸ் என்றால் இலத்தீனில் ஓநாய். ‘ஓநாய் நோய்’ என்று போட்டால், கடித்தது எப்போது என்று கேட்பார்கள். உடனே கைகொடுங்கள்.
– கோத்தகிரி

‘தற்படை’ என்க. தன்+படை, தற்காப்பு, தற்பெருமை போல. படை என்றால் சேனை, தோலில் படர்வதும் படை. காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்குகிறது, கன்னத்திலும் படர்கிறது. வள்ளுவர் 764ஆம் குறளில் ‘அறைபோகாத’, அதாவது பகைவர் சூழ்ச்சிக்கு ஆளாகாத, படையைப் போற்றுகிறார். இது அறைபோன படை!
– குன்னூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, சொல் அழகு. ஆனால் படை என்றதும் களிம்பு வாங்கப் போவார்கள். வீட்டில் துண்டைத் தனியே வைப்பார்கள். இது ஒட்டுகிற நோயே இல்லை. எங்களிடம் வந்த பெண்ணுக்குக் காலையில் விரல் மடங்காது, கொழுந்து கிள்ள முடியாது. வெயிலில் நின்றால் இரு கன்னமும் மூக்குத் தண்டும் சிவக்கும். மூக்கோர மடிப்பு மட்டும் சிவக்காது. பனிவெடிப்பு என்றே நினைத்திருந்தார். கணுக்கால் வீங்கி, சிறுநீர் நுரைத்த பிறகுதான் வந்தார். சிறுநீரகம் வரை போய்விட்டது. இதில் படை எங்கே?
– கூடலூர், செவிலியர்

குளிர்கிறதே என்று வெயிலை மறக்கவேண்டாம் என்றும் சேருங்கள். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். நோயைக் கிளறிவிட அதுவே போதும். பரம்பரைக் கூறும் ஹார்மோனும் பின்னணியில் உண்டு. பத்தில் ஒன்பது பேர் பெண்கள். சொல்லுக்கு ‘செம்முருடு’ எப்படி? பிறகு, இதற்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து, மலேரியாவுக்கான கொயினாவின் வழிவந்தது; 1860களில் நம் மலையில் கொயினா தரும் சின்கோனா மரம் நட்டபோது…
– உதகை

சின்கோனாவுக்குத் தனி இழை தொடங்குங்கள், ஐயா. முருடு என்றால் விறகுக்கட்டையா என்பார்கள்.
– கூடலூர்

களிம்புக்குப் பயந்து சொல்லைக் கொல்வதா? பழகினால் தற்படையும் விளங்கும்.
– குன்னூர்

பழகுவதற்குள் சிறுநீரகம் போய்விடும், ஐயா.
– கூடலூர்

இரவு பதினொன்று. தலைப்பில் ‘லூபஸ்’, அடியில் ‘தன்னுடல் தாக்கும் நோய், ஒட்டாது’. மூவர் சரி என்கிறார்கள், உதகை ஐயா அரைமனதாக. அனுப்பிவிட்டேன்.
– கோத்தகிரி

தோற்றேன். ஆனால் லகரம் மொழிக்கு முதலில் வராது, அம்மா. ‘உலூபசு’ என்றாவது திருத்த நேரமிருக்கிறதா?
– குன்னூர்