கடையிலயே கிடைக்காத பாட்டை ஷேர் பண்றதும் தப்பா?

மக்களே ஒரு சந்தேகம், விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. அப்பா சேர்த்து வச்ச பழைய கேசட்டெல்லாம் எம்பி3யா மாத்திட்டு இருக்கேன், அதுல சிலது சிடியாவும் வரல, எந்த ஸ்ட்ரீமிங் ஆப்லயும் இல்ல, கவர்ல பேர் போட்டிருக்கற கம்பெனியும் எப்பவோ மூடியாச்சு. இது தெரிஞ்சதுலேர்ந்து ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் லிங்க் போடு லிங்க் போடுன்னு ஒரே நச்சரிப்பு.

நமக்குன்னு காப்பி எடுத்து வச்சுக்கறது வேற, ஊருக்கே தூக்கிக் கொடுக்கறது வேறன்னு புரியுது. நாப்ஸ்டர் 1999ல வந்து ஃப்ரீயாத்தான் பாட்டு பரிமாற வழி பண்ணாங்க, அப்படியும் கேஸ்ல மாட்டி 2001ல மூட வேண்டியதாப் போச்சு, அதனால "நான் விக்கலயே"ங்கறது செல்லாது. இதுல மெட்டுக்கும் வரிக்கும் ஒரு உரிமை, ரெக்கார்டிங்குக்கு தனி உரிமை, ரெண்டும் வேற வேற ஆள்கிட்ட இருக்கலாம், கம்பெனி மூடினாலும் உரிமையை வேற யாராவது வாங்கியிருக்கலாம்.

ஆனா மனசு கேக்கல. யாருமே விக்காத பாட்டைப் பகிர்ந்தா பாடினவருக்கு என்ன நஷ்டம்? டேப்ல ஏற்கனவே பூஞ்சை, சில இடத்துல குரல் இழுக்குது. (புதுப் பாட்டை இறக்கறவங்க இந்த நியாயத்துல வந்து ஒட்டிக்காதீங்க, அது வேற கதை.)

உரிமை யார்கிட்ட இருக்குன்னு எங்கேர்ந்து தேட ஆரம்பிக்கறது? ராயல்டி வசூலிக்கற சங்கத்துல கேட்டா சொல்வாங்களா? பாடினவர் ஒருத்தர் இருக்கார், அவர் சரின்னா மட்டும் போதுமா? ஒலி ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தவங்க இருந்தா அனுபவத்தைச் சொல்லுங்க. "யாரும் கேக்க மாட்டாங்க, போடுங்க"ங்கற பதில் மட்டும் வேணாம் ப்ளீஸ்.