முப்பது டாலர் பையன்கள் பட்டாளத்துக்குத் தயாரிக்கப்பட்டவர்களா?

மலைப்பாதை:
போன வாரம் வர்ஜீனியாவில் ஷெனன்டோவா தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். பிக் மெடோஸ் என்ற இடத்தில் சட்டையில்லாமல், கையில் கோடாரியோடு நிற்கும் ஓர் இளைஞனின் சிலை இருக்கிறது. கூட வந்த பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது ஆகப்போகிறது. சிலையின் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கப்பா இந்த வேலைக்குச் சேர்ந்தப்போ உடம்புல இவ்வளவு சதை கிடையாது" என்றார்.

வீடு திரும்பியதும் ஒரு தகரப் பெட்டியிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று 1938-ல் கொடுத்தது, மற்றது 1945-ல் கொடுத்தது. முதலாவது மரம் நட்டு மண்ணரிப்பைத் தடுத்ததற்கு, இரண்டாவது இத்தாலியில் போரிட்டதற்கு. இரண்டிலுமே "நற்பெயருடன் விடுவிக்கப்படுகிறார்" என்றுதான் போட்டிருக்கிறது.

தெரியாதவர்களுக்காக: 1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் அதிபராகப் பதவியேற்றபோது அமெரிக்காவில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த மாதமே சட்டம் போட்டு சிவிலியன் கன்சர்வேஷன் கோர், சுருக்கமாக சி.சி.சி., என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிவாரணத்தில் பிழைத்த குடும்பங்களின் மணமாகாத பையன்களைக் காட்டு முகாம்களுக்கு அனுப்பினார்கள். மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். 1942 வரை ஏறக்குறைய 30 லட்சம் பேர் சேர்ந்தார்கள், சுமார் 300 கோடி மரங்கள் நட்டார்கள். நாங்கள் போன ஸ்கைலைன் டிரைவ் என்ற 169 கி.மீ. மலைச்சாலையும் அவர்கள் போட்டதுதான்.

பட்டினி கிடந்த பிள்ளைகளுக்குச் சோறும் வேலையும் மரியாதையும் கொடுத்த திட்டம் இது. இதைவிட நல்ல காரியத்தை அந்த நாடு செய்ததில்லை என்று நினைக்கிறேன்.

கரிசல்மண்:
தோழர், பெரியவரின் அப்பா மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அந்த இரண்டு தாளிலும் ஒரே வாசகம் எப்படி வந்தது என்று யோசித்தீர்களா? அந்த முகாம்களை நடத்தியது இராணுவம். பையன்களைத் தேர்ந்தெடுத்தது தொழிலாளர் துறை, காட்டில் வேலை வாங்கியது வேளாண் துறையும், தேசியப் பூங்காக்களைக் கவனிக்கிற உள்துறையும். ஆனால் ரயிலேற்றுவது, துணி கொடுப்பது, சோறு போடுவது, ஒழுங்கு பார்ப்பது எல்லாம் போர்த்துறையின் பொறுப்பு. முதல் உலகப் போரில் மிஞ்சிய சீருடைகளைத்தான் மாட்டிவிட்டார்கள். விடிந்ததும் ஊதுகொம்பு, கட்டில் சோதனை, வரிசையில் நின்று பெயர் கூப்பிடுதல். துப்பாக்கி ஒன்றுதான் குறை.

இது இன்றைக்கு நான் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர் வில்லியம் கிரீன் 1933-லேயே, இதில் ஃபாசிச வாடை அடிக்கிறது என்று எதிர்த்தார். இரண்டே வருடத்தில் ஜெர்மனியில் ஹிட்லர் அரசு இளைஞர்களுக்கு ஆறு மாதத் தொழிற்பணியைக் கட்டாயமாக்கி, மண்வெட்டியைத் தோளில் வைத்து அணிவகுக்கச் சொன்னது. பின்னால் அமெரிக்கப் படைக்கே தலைமைத் தளபதியான ஜார்ஜ் மார்ஷல் இந்த முகாம்களை மேற்பார்வை பார்த்தவர். எத்தனையோ ரிசர்வ் அதிகாரிகள் ஊர்ப் பையன்கள் இருநூறு பேரை மேய்க்கப் பழகியது இங்கேதான். 1940-ல் கட்டாய ஆள்சேர்ப்பு வந்தபோது பதப்படுத்திய மண் தயாராக இருந்தது. விதைத்தவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

மலைப்பாதை:
ஜெர்மனியோடு ஒப்பிடுவதை என்னால் ஏற்க முடியாது. அங்கே கட்டாயம், கூடவே கட்சிப் பாடம். இங்கே பையன் தானாக வந்து கையெழுத்துப் போட்டான். பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். அப்படிப் போனவனை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது, பெயரை நீக்கத்தான் முடியும்.

திட்டத்தின் இயக்குநர் ராபர்ட் ஃபெக்னர் யார்? இயந்திரத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்தவர். கிரீன் போன்றவர்களின் அச்சத்தைத் தணிக்கத்தான் அவரைப் போட்டார்கள். முகாமில் ஆயுதப் பயிற்சி கிடையாது. சமையல், தகவல் தொடர்பு போன்ற போர் சாராத பயிற்சிகளுக்கே 1940-ல்தான் நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது.

இராணுவம் இதைக் கேட்டு வாங்கவும் இல்லை. சில மாதங்களில் இரண்டரை லட்சம் பேரைக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேறு எந்தத் துறையிடமும் ஆளோ வண்டியோ இல்லை. அதே 1933-ல் சிப்பாயின் சம்பளத்தை 21 டாலரிலிருந்து 17.85 டாலராக வெட்டியிருந்தார்கள். மண் வெட்டுகிற பையனுக்கு 30 டாலர்! பட்டாளம் வளர்ப்பதுதான் நோக்கமென்றால் இப்படியா செய்வார்கள்?

அச்சுத்தாள்:
ஒரு திருத்தம் மட்டும். ஸ்கைலைன் டிரைவ் சாலையைப் போட்டவர்கள் ஒப்பந்தக்காரர்கள். வேலை 1931-லேயே தொடங்கிவிட்டது. சி.சி.சி. பையன்கள் செய்தது சரிவுகளைச் சீராக்குவது, கல் தடுப்புச் சுவர் எழுப்புவது, செடி வைப்பது, பார்வை மேடைகள் அமைப்பது. ரூஸ்வெல்ட் 1933 ஆகஸ்டில் பிக் மெடோஸ் முகாமுக்கு வந்து அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதும் உண்மை.

மலைப்பாதை:
நன்றி, என் தவறுதான்.

கயல்:
அண்ணன்மார் இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். "பையன்கள்" என்று பேசிக்கொண்டே போகிறீர்கள், எந்தப் பையன்கள்?

சட்டம் வந்தபோது ஆஸ்கர் டி பிரீஸ்ட் என்ற கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் போராடி, இனம், நிறம், மதம் பார்த்து ஒதுக்கக்கூடாது என்ற வாசகத்தைச் சேர்க்க வைத்தார். ஆனால் 1935-ல் ஃபெக்னர், நீங்கள் புகழ்கிற அதே தொழிற்சங்கக்காரர், கறுப்பர் முகாமைத் தனியாகப் பிரிக்க உத்தரவு போட்டார். சுமார் இரண்டு லட்சம் கறுப்பின இளைஞர்கள் அப்படித்தான் வேலை செய்தார்கள். அதே ஷெனன்டோவாவில் லூயிஸ் மவுன்டன் என்ற இடத்தைக் கறுப்பருக்கென்று தனியாக ஒதுக்கியிருந்தார்கள். அங்கிருந்து இராணுவத்துக்குப் போனால் அங்கேயும் தனி அணி. 1948-ல் படையில் இனப் பிரிவினை கூடாது என்று அதிபர் ட்ரூமன் உத்தரவு போடும்வரை இதே கதை. முகாமும் பட்டாளமும் ஒன்றா என்று கேட்கிறீர்களே, இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

அந்தப் பூங்காவுக்கு நிலம் எங்கிருந்து வந்தது? தலைமுறை தலைமுறையாக மலையில் வாழ்ந்த நானூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களை வெளியேற்றினார்கள். காலியான வீடுகளைப் பிரித்துப் போடுகிற வேலைக்கும் இந்த ஏழைப் பிள்ளைகளைத்தான் அனுப்பினார்கள். ஓர் ஏழையின் கூரையைப் பிரிக்க இன்னோர் ஏழைக்குக் கூலி. பெண்களுக்கோ இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் முயற்சியில் தனியாகச் சில முகாம்கள் நடந்தன. அவற்றில் தங்கிய பெண்கள் மொத்தம் எட்டாயிரத்துச் சொச்சம். 30 லட்சம் எங்கே, இது எங்கே? இதைப் பேசாமல் சிலையைத் தடவ எனக்கு மனசு வரவில்லை.

மலைப்பாதை:
கயல், வீடுகளைப் பிரித்த விஷயம் எனக்குத் தெரியாது. இரண்டு நாளாக மனசை அறுக்கிறது. "இதைவிட நல்ல காரியம் இல்லை" என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கரிசல்மண்:
கயலம்மா சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1940-லும் அமெரிக்காவில் வேலையின்மை 14 சதவீதத்துக்கு மேல் இருந்தது. 1944-ல் அது ஒன்றேகால் சதவீதம். நடுவில் வந்தது போர். மரம் நடப் பணமில்லை என்று 1942-ல் சி.சி.சி.யை மூடிய அதே நாடாளுமன்றம், ஒரு கோடியே அறுபது லட்சம் பேர் பணியாற்றிய படைக்குப் பணம் கண்டுபிடித்தது. ஏழைப் பிள்ளைக்கு முழு வேலை கொடுக்க அரசுக்கு வழி தெரியும். ஆனால் சாகிற வேலை என்றால்தான் பை திறக்கிறது. இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஜெர்மனியை இழுத்தது அவசரம்.

மலைப்பாதை:
இன்று காலை பெரியவரிடம் நேரடியாகவே கேட்டேன்: முகாம் உங்கள் அப்பாவைப் பட்டாளத்துக்குத் தயார் பண்ணியதா?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கட்டில் விரிப்பை இழுத்துக் காட்டினார். மூலையை மடித்து, மெத்தைக்கு அடியில் செருகி, உள்ளங்கையால் ஒரு தட்டு. அப்பா முகாமில் கற்றது, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தது. 1942-ல் பட்டாளத்தில் முதல் வாரமே இந்த மடிப்பைப் பார்த்து சார்ஜன்ட் "நீ சி.சி.சி.யா?" என்று கேட்டாராம். பாறைக்கு வெடி வைக்கத் தெரியும், பாலத்துக்கு மரம் அறுக்கத் தெரியும் என்றதும் பொறியாளர் படைப்பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1943 அக்டோபரில் இத்தாலியில் வோல்டர்னோ ஆற்றைக் கடந்தபோது, பாலம் போட முதலில் தண்ணீரில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். "தெரிந்த வேலை அவரைக் காப்பாற்றியது, தெரிந்த வேலைதான் முன்வரிசைக்கும் அனுப்பியது" என்றார் பெரியவர். அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

கரிசல்மண்:
மாதாமாதம் வீட்டுக்குப் போன அந்த 25 டாலர் என்ன ஆனது என்று கேட்டீர்களா?

மலைப்பாதை:
கேட்டேன். வீட்டு வாடகை, மாவு, தம்பியின் செருப்பு. செருப்பு இல்லாமல் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்த தம்பி அந்தக் குளிர்காலத்திலேயே மறுபடி போனார். படித்து முடித்தார். 1944-ல் அவருக்கும் அழைப்பு வந்தது. அவரும் உயிரோடு திரும்பி, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றாராம்.